ஆச்சி பதில்கள்: துவர்க்கிற ஆப்பிள்

இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட் பக்கம் ஒன்பது வருஷம் இருந்ததையும், இலையுதிர் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்குச் சைடர் ஆப்பிள் பொறுக்கப் போனதையும் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே குழிப்பணியாரமும் மிளகாய் வத்தலும் அடுத்த மாதம். இந்த முறை முழுக்க ஆப்பிள்தான்.

கேள்வி: ஆச்சி, சைடர் ஆப்பிளைக் கடித்தால் துப்பத் தோன்றும் என்று எழுதியிருந்தீர்கள். தின்ன முடியாத பழத்தைத் தோப்பு போட்டு ஏன் வளர்க்கிறார்கள்? நாம் கடையில் வாங்கும் ஆப்பிள் சைடர் வினிகர் அந்தப் பழத்தில் செய்ததா? (வாசகி, தேவகோட்டை)

வினிகரை முதலில் முடித்துவிடுகிறேன். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்தால் வருகிற மது சைடர். அது மேலும் புளித்துக் காடியானால் வினிகர். காடிக்கு எந்த ஆப்பிளும் ஆகும். அதன் நெடி எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வதால், உள்ளே எந்த ரகம் இருந்தது என்று நாக்கால் சொல்ல முடியாது.

சைடர் அப்படி இல்லை. அங்கே ரகம்தான் எல்லாம்.

நான் முதன்முதலில் கடித்தது டாபினெட் என்ற ரகம். பெரிய எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, மங்கின சிவப்பு. ஈரப் புல்லில் கிடந்ததை எடுத்து முந்தானையில் துடைத்துக் கடித்தேன். முதல் மெல்லலில் நல்ல இனிப்பு, நாட்டுச் சர்க்கரை போல. அடுத்த மெல்லலில் நாக்கின் ஓரம் இழுத்தது. அதற்கும் அடுத்ததில் கன்னத்தின் உள்பக்கம் பல்லோடு ஒட்டிக்கொண்டது. புளிப்பு மருந்துக்கும் இல்லை. எனக்கு உடனே வந்த ஞாபகம், சின்ன வயசில் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்து மென்ற பாக்கு. தோட்டக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துப்பிவிடுங்கள் என்று கையால் காட்டினார். நான் துப்பவில்லை. ஆப்பிளில் துவர்ப்பு இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தத் துவர்ப்புக்காகத்தான் தோப்பு போடுகிறார்கள். நாம் வாங்கித் தின்னும் ஆப்பிளில் இனிப்பும் புளிப்பும் உண்டு, துவர்ப்பு மிகக் குறைவு. அதன் சாறு புளித்துச் சர்க்கரை தீர்ந்ததும் வாயில் நிற்க ஒன்றும் மிஞ்சாது, தண்ணீர் போல இறங்கிவிடும். துவர்ப்பு உள்ள சாறு அப்படி இறங்காது. விழுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நாக்கில் இருக்கும்.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்ற ஊரில் 1903-ல் பழத்துக்கும் சைடருக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்க்கர் என்ற அறிஞர் சைடர் ஆப்பிள்களை நாலாகப் பிரித்தார். அளவுகோல் இரண்டே இரண்டு. சாற்றில் அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா, கீழா? டானின், அதாவது துவர்ப்புச் சத்து, 0.2 சதவீதத்துக்கு மேலா, கீழா? இரண்டும் குறைவென்றால் இனிப்பு ரகம். அமிலம் மட்டும் கூடினால் புளிப்பு ரகம். டானின் மட்டும் கூடினால் துவர்ப்பினிப்பு, இரண்டும் கூடினால் துவர்ப்புப்புளிப்பு. (தமிழ்ப் பெயர்கள் நான் வைத்தவை.) இன்றைக்கும் இங்கிலாந்தில் சைடர் செய்கிறவர்கள் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்கள் பெட்டியில் ரிபெனா என்ற பழச்சாறு இருக்குமே, அதுவும் இதே லாங் ஆஷ்டனில் 1930-களில் நடந்த பழச்சாறு ஆராய்ச்சியில் பிறந்ததுதான்.

கேள்வி: கசப்பும் துவர்ப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? வெள்ளைக்காரர்கள் இந்த ஆப்பிளைக் ‘கசப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். (வாசகர், திருப்பத்தூர்)

ஒன்றில்லை, ஐயா. இதில் நம் மொழி நமக்குப் பெரிய உதவி. அறுசுவையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் ரகத்தின் பெயரில் கசப்பு என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டு, அப்புறம் தோட்டத்தில் நின்று பேசும்போது ‘கடினமானது’, ‘மெதுவானது’ என்று பிரித்துக்கொள்கிறார்கள். கடினம் என்றால் கசப்பும் சேர்ந்த துவர்ப்பு. மெது என்றால் கசக்காத துவர்ப்பு.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு வேப்பம்பூவை வாயில் போட்டால் நாக்கு கசக்கும், ஆனால் வாய் வறளாது. அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு நாவற்பழம் தின்னுங்கள். கசப்பு அதிகம் தெரியாது, நாக்கு மட்டும் கன்னத்தில் உரசும். கசப்பு நாக்கு உணர்கிற சுவை. துவர்ப்பில் நடப்பது வேறு: டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாயின் வழவழப்பு போய்விடுகிறது, அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

ஆப்பிளில் இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கிலிருந்து வருகின்றன. டானின் என்பது சின்னக் கண்ணிகள் கோத்த சங்கிலி. சங்கிலி குட்டையாக இருந்தால் கசப்பு தூக்கல், நீளமானால் துவர்ப்பு தூக்கல். டாபினெட் மெது வகை. அதனால்தான் எனக்கு வேம்பு ஞாபகம் வராமல் பாக்கு ஞாபகம் வந்தது.

கேள்வி: நான் வேதியியல் மாணவி. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி மணம் உண்டா? நீங்கள் முகர்ந்ததை அப்படியே சொல்ல முடியுமா, ஆச்சி? (வாசகி, காரைக்குடி)

உண்டு, கண்ணு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் மது குடிக்கிறவள் இல்லை. சாற்றைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். புளித்ததை முகர்ந்தும், வாயில் ஒரு வாய் வைத்துத் துப்பியும்தான் பார்த்திருக்கிறேன். தோட்டக்காரர் வீட்டம்மா எனக்கென்றே ஒரு பீங்கான் கிண்ணம் எடுத்து வைத்திருப்பார்.

யார்லிங்டன் மில் எனக்கு ரொம்பப் பிடித்தது. சோமர்செட்டில் ஒரு நீர்ச்சக்கர ஆலையின் சுவரிடுக்கில் தானாக முளைத்த கன்று என்று சொல்கிறார்கள், ஆலையின் பெயரே பழத்துக்கும் ஆகிவிட்டது. துவர்ப்பினிப்பு ரகம். சாறாக இருக்கும்போது பாகு வாசனை, அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சும்போது பாகுபதம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எழும்புமே, அது. புளித்து வசந்தம் தாண்டிய பிறகு அதே சாற்றில் கிராம்பு மாதிரி ஒரு காரம் எட்டிப்பார்க்கும்.

கிங்ஸ்டன் பிளாக் துவர்ப்புப்புளிப்பு. டான்டன் நகருக்குப் பக்கத்தில் கிங்ஸ்டன் செயின்ட் மேரி என்ற ஊர்ப் பெயர். பார்க்க அழகு, கறுப்போடிய சிவப்பு. காய்ப்பு குறைவு, நோய் சீக்கிரம் பிடிக்கும், தோட்டக்காரர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் வெட்ட மனசு வராது. பொதுவாக மூன்று நாலு ரகம் கலந்தால்தான் சைடர் நேராகும். இது ஒன்று மட்டும் இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றையும் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் தனியாகவே சைடர் ஆகும் என்று பெயர் வாங்கியது.

ஃபாக்ஸ்வெல்ப் பழைய ரகம், 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்ட பெயர். கிட்டே கொண்டுபோகும் முன்பே மூக்கைப் பிடிக்கும். புளிப்பு பல்லைக் கூச வைக்கும். கலவையில் ஒரு பங்கு போட்டாலும் தன் முகத்தைக் காட்டிவிடும், நம் குழம்பில் மராட்டி மொக்கு ஒன்று கூடிப்போனால் காட்டுமே, அப்படி.

பிரவுன்ஸ் ஆப்பிள் டெவனிலிருந்து வந்த புளிப்பு ரகம், சுத்தமான மணம். ஸ்வீட் காப்பினும் டெவன்தான், வெறும் இனிப்பு, முகர்ந்தால் சாதாரணமாக இருக்கும். கலவையில் மற்ற ரகங்களின் முரட்டுத்தனத்தைத் தணிக்க அதைப் போடுவார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. எலிசன்ஸ் ஆரஞ்சு என்று ஒரு ஆப்பிள். சைடர் ரகம் இல்லை, தின்னும் பழம். நன்றாகப் பழுத்ததை நறுக்கினால் சோம்பு மணக்கும். எனக்கு நம்பிக்கை வராமல் கத்தியைக் கழுவிவிட்டு இன்னொன்று நறுக்கினேன். அதிலும் சோம்புதான். நீ வேதியியல் படிக்கிறாய் என்பதால் சொல்கிறேன்: எஸ்ட்ரகோல் என்ற பொருள்தான் அதற்குக் காரணம் என்கிறார்கள். சோம்பிலும் அது உண்டு. செட்டிநாட்டுச் சமையலறையில் வளர்ந்தவளுக்கு அந்த வாசனையை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள வராது.

கேள்வி: இங்கே வாங்கும் ஆப்பிள் பளபளவென்று இருக்கிறது, வாசனையே இல்லையே? (வாசகி, பள்ளத்தூர்)

பழத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆப்பிள் மணம் பெரும்பாலும் எஸ்டர் என்ற வகைப் பொருள்கள். அவை பழம் பழுக்கும்போதுதான் உண்டாகும், அதுவும் தோலில்தான் அதிகம். அதில் ஒன்று, வாழைப்பழ வாசனைக்குக் காரணமான பொருளுக்குப் பங்காளி. அதனால்தான் பழுத்த கோல்டன் டெலிஷியஸை முகர்ந்தால் கொஞ்சம் வாழைப்பழம் தெரிகிறது. காயாகப் பறித்து, காற்றில் ஆக்ஸிஜனைக் குறைத்த குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் வைத்தால் பழம் கெடாது, ஆனால் மணம் உண்டாக்கும் வேலையும் நின்றுபோகும். வெளியே எடுத்த பிறகு கொஞ்சம்தான் திரும்பி வரும்.

வாங்கி வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நாலு பழத்தை ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் இரண்டு நாள் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இமாசலத்துச் சிவப்பு ஆப்பிள் நமக்குப் பழக்கமானது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் பக்கம் குடியேறி 1916-ல் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டதிலிருந்து பெருகியது. பருவத்தில் வந்தால் நல்ல மணம் உள்ள பழம். புளிப்பும் துவர்ப்பும் குறைவு என்பதால் சைடருக்கு மட்டும் அது தனியாகப் போதாது.

கேள்வி: புளிக்க வைத்தால் பழத்தின் வாசனை போய்விடாதா? அப்புறம் எந்த ரகமாக இருந்தால் என்ன? (வாசகர், மதுரை)

ரொம்ப நல்ல கேள்வி. நானும் இதைத்தான் முதல் வருஷம் கேட்டேன்.

போகத்தான் செய்யும். ஈஸ்ட் பொங்கும்போது வாயு கொப்பளித்து மேலே வரும், மெல்லிய மணங்கள் அதோடு பறந்துவிடும். அந்த வாரம் கொட்டகைக்குள் போனால் ஊரே ஆப்பிளாக மணக்கும். பீப்பாயிலிருந்து போய்க்கொண்டிருப்பதைத்தான் நாம் முகர்கிறோம். ஈஸ்ட் தன் பங்குக்குப் புது எஸ்டர்களை உண்டாக்கும். அவை எந்தச் சாறானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

அப்படியென்றால் ரகம் எங்கே நிற்கிறது? கல்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்தால் காய்ந்த மரப்பட்டை மாதிரி லேசாக ஏதோ இருக்கும், அவ்வளவுதான். சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் மணம் வீட்டை நிறைக்கும். சைடர் ஆப்பிளின் துவர்ப்புக்குப் பின்னாலும் அப்படிச் சில பொருள்கள் மணமில்லாமல் அடங்கிக் கிடக்கின்றன. குளிர் முடிந்து வசந்தத்தில் பீப்பாய் கொஞ்சம் சூடானதும் ஒருவகை பாக்டீரியா வேலையைத் தொடங்கும். ஆப்பிளின் கூர்மையான மாலிக் அமிலத்தை அது லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் என்பது நம் தயிரில் இருப்பதே, அதனால் புளிப்பு சாந்தமாகும். அதோடு சேர்த்து, அடங்கிக் கிடந்த பொருள்களை உடைத்துக் கிராம்பும் லேசான புகையும் கலந்த ஒரு மணத்தை வெளியே கொண்டுவரும். நான் யார்லிங்டன் மில்லில் சொன்ன கிராம்பு இதுதான். இனிப்பு ரகத்திலும் வெறும் புளிப்பு ரகத்திலும் இது வருவதில்லை, உடைக்க அங்கே சரக்கு இல்லை. அளவு மீறினால் குதிரை லாயம் மாதிரி நாறும். அப்படி ஒரு பீப்பாயையும் பார்த்திருக்கிறேன், தோட்டக்காரர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

பிழிவதற்கு முன்னால் என்ன செய்கிறோம் என்பதும் கணக்கு. பொறுக்கின பழத்தை உடனே அரைக்க மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் குவித்து வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும் வரை காத்திருப்பார்கள். நாம் வாழைத்தாரைப் பழுக்கப் போடுவது போலத்தான், உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகும், மணமும் ஏறும். அரைத்த விழுதைத் துணியில் மடித்து மடித்து அடுக்கிப் பிழிவார்கள். சாறு கண்ணெதிரே பழுப்பாகும். நாம் வாழைப்பூவை ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுக்குமே, அதே கதை. துவர்ப்புச் சத்து காற்றுப் பட்டுக் கறுக்கிறது. விழுதை ரொம்ப நேரம் காற்றில் விட்டால் அந்தச் சத்தில் ஒரு பங்கு சக்கையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும், சாறு மெதுவாகும். துவர்ப்பு ரொம்பக் கடினமான ரகத்தை எங்கள் தோட்டக்காரர் வேண்டுமென்றே இரவு முழுக்க விட்டுவைப்பார். டாபினெட்டை அப்படி விடமாட்டார்.

ஸ்பெயினில் அஸ்டூரியாஸ் பக்கம் புளிப்பு தூக்கலான ஆப்பிளில் சைடர் செய்து, தலைக்கு மேலே புட்டியைப் பிடித்துக் கீழே உள்ள தம்ளரில் ஊற்றுவார்கள். காபி ஆற்றுகிற மாதிரி. காற்று கலந்து மணம் எழும்பத்தான்.

கேள்வி: டாபினெட் விதை வரவழைத்து நம் தோட்டத்தில் போடலாமா? (வாசகர், கானாடுகாத்தான்)

வேண்டாம், தம்பி. விதை போட்டால் டாபினெட் வராது, வேறு ஏதோ ஓர் ஆப்பிள்தான் வரும். மாம்பழத்தில் ஒட்டுக்கன்று வைப்பதற்கு என்ன காரணமோ அதேதான். ஒட்டுக்கன்றே கொண்டுவந்தாலும் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். நம் ஊர் மார்கழி அதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த இடத்தில் நாவல் வையுங்கள். துவர்ப்புக்குத் துவர்ப்பு, நிழலுக்கு நிழல்.

கேள்வி: வீட்டில் சைடர் செய்ய முடியுமா? செய்முறை சொல்லுங்கள், ஆச்சி. (வாசகி, சிவகங்கை)

சொல்ல மாட்டேன். உரிமம் இல்லாமல் மது செய்வது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தச் சுவைக் கணக்கை, புளிக்காத சாற்றிலேயே நாக்குக்குக் காட்டலாம். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் செய்து கொடுப்பதைச் சொல்கிறேன்.

மணத்துக்கு மூன்று பழுத்த கோல்டன் டெலிஷியஸ், கிடைக்காவிட்டால் காலா என்ற ரகம். புளிப்புக்கு ஒரு பச்சை நிறக் கிரானி ஸ்மித். புளிப்புக்காக எலுமிச்சை பிழியாதீர்கள். எலுமிச்சையில் சிட்ரிக், புளியில் டார்டாரிக், ஆப்பிளில் மாலிக். மூன்றும் நாக்கில் விழுகிற விதமே வேறு, இதில் எலுமிச்சை ஒட்டாமல் தனியாக நிற்கும். தோலோடு நறுக்கி, விதையை எடுத்துவிட்டு, தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அரைத்து வெள்ளைத் துணியில் பிழியுங்கள்.

துவர்ப்புக்கு டீ. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு ஐந்து நிமிஷம் மூடி வைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். சாற்றை இரண்டு தம்ளரில் ஊற்றி, ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதில் ஒவ்வொரு ஸ்பூனாக டிகாஷனைக் கலந்து சுவைத்துக்கொண்டே வாருங்கள். முதல் ஸ்பூனில் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் மூன்றாவதில்தான் பெரிய பேத்தி, “ஐயாயா, இப்போதான் ஆப்பிள் மாதிரி இருக்கு!” என்றாள். டீ வாசனை தலைகாட்டினால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம், மீதிச் சாற்றைக் கொஞ்சம் விட்டுச் சரிக்கட்டலாம். ஆடி மாசம் என்றால் டீக்குப் பதில் நாலு நாவற்பழத்தைப் பிசைந்து வடிகட்டி ஊற்றுங்கள், நிறமும் கிங்ஸ்டன் பிளாக் தோல் மாதிரி வரும்.

பிழிந்த உடனே குடித்துவிட வேண்டும். ஐஸ் போடாதீர்கள், சில்லென்று ஆனால் மூக்குக்கு ஒன்றும் எட்டாது.